ஆய்வுகூடத் திறப்பு என் கைப்பைக்குள் இருந்தது



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாவிட்டால் சேமித்து வைத்துவிட்டுப் பிறகு வாசியுங்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும், வீட்டில் சீனி வருத்தம், பிரசர் உள்ளவர்களும் கட்டாயம் வாசியுங்கள். நடுவில் இரசாயனம் வரும். பயப்பட வேண்டாம். வலை பொத்தத் தெரிந்த ஊர்க்காரருக்கு விளங்காத எதுவும் இதில் இல்லை.

போன வருஷம் நடுப்பகுதி. தரம் பத்துக்கு ஆவர்த்தன அட்டவணை படிப்பித்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும். கடைசி வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை எழும்பினாள். பேரைக் கூப்பிட்டால்கூட மெதுவாகத்தான் பதில் சொல்லுகிற பிள்ளை.

"டீச்சர், கட்மியம் எண்டா நஞ்சா?"

"ஓம், நஞ்சுதான்."

"அது அரிசிக்குள்ள இருக்கா டீச்சர்?"

"அதெல்லாம் சோதினைக்கு வராது மகள். இருங்க."

இருந்துவிட்டாள். நானும் முதல் இருபது மூலகத்தை முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் இன்னொரு டீச்சர் சொன்னார். அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. தம்பலகாமம் பக்கம் வயல் செய்கிறவர். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. நம் வயல் அரிசியில் கட்மியம் இருக்கிறது, அதைத் தின்றுதான் எல்லாருக்கும் சிறுநீரகம் போகிறது என்று யாரோ பேசியிருக்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் சொந்த நெல்லைக் குத்துவதில்லை. மூட்டை வீட்டுக்குள் இருக்க, கடன் சொல்லிக் கடையில் அரிசி வாங்குகிறார்கள். உம்மா இரவில் அழுகிறாவாம், 'என்ட கையாலதானே ஆக்கிக் கொடுத்தன்' என்று.

அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது சோதினைக் கேள்வி இல்லை. உம்மாவின் கேள்வி. நான் 'வராது' என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் எனக்குப் பிடித்த பாடம் இரசாயனவியல். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறியது. கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். அங்கே ஒரு விரிவுரையாளர் ஜாம் போத்தலில் செப்பு சல்பேற்றுப் பளிங்கு வளர்த்துக் காட்டினார். நீலக் கல் மாதிரி, யாரோ பட்டை தீட்டியது போல இருந்தது. நானும் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட வேண்டும் என்று அன்றைக்கு நிய்யத் வைத்தேன்.

பாடசாலைக்கு வந்தேன். சில வருஷத்தில் ஆய்வுகூடப் பொறுப்பு கிடைத்தது. திறப்பைக் கையில் தந்தார்கள், கூடவே இருப்புப் பதிவேட்டையும் தந்தார்கள். முகவை இத்தனை, சோதனைக் குழாய் இத்தனை, வில்தராசு இத்தனை. உடைந்தால் எழுத வேண்டும், கணக்காய்வு வந்தால் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பயம். பூட்டி வைத்தால் ஒன்றும் உடையாது. பாடத்தைக் கரும்பலகையில் படம் கீறியே முடிக்கலாம், பெறுபேறும் வரும். பிள்ளைகள் உள்ளே போன நாட்களை விரல் விட்டு எண்ணலாம். திறப்பு வருஷக்கணக்காக என் கைப்பைக்குள் வீட்டுத் திறப்போடு சேர்ந்து கிலுங்கிக்கொண்டிருந்தது.

2025 ஒக்டோபர் 8ஆம் திகதி இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அறிவித்தார்கள். ஜப்பானின் சுசுமு கித்தகாவா, அவுஸ்திரேலியாவில் வேலை செய்த ரிச்சர்ட் ரொப்சன், அமெரிக்காவில் இருக்கும் உமர் யாகி. பலஸ்தீன அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு நோபல் என்று நம் ஆட்கள் எல்லாரும் பகிர்ந்தார்கள். நானும் பகிர்ந்தேன். பிறகுதான் அவருடைய கதையை ஒழுங்காக வாசித்தேன்.

யாகி 1965இல் ஜோர்தானின் அம்மானில் பிறந்தவர். நிறையப் பிள்ளைகள் உள்ள குடும்பம், ஒரே அறை வீடு. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. பத்து வயதில் ஒரு நாள் பாடசாலை நூலகத்துக்குள் களவாக நுழைந்திருக்கிறார். வழக்கமாகப் பூட்டியே இருக்கும் நூலகம் அது. கையில் அகப்பட்ட புத்தகத்தைத் திறந்தால் உருண்டையும் குச்சியுமாகப் படங்கள். அவை மூலக்கூறுகள் என்று அப்போது தெரியாது. தெரியாமலே ஆசைப்பட்டுவிட்டார். பதினைந்து வயதில் வாப்பா அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினார். மிச்சம் எல்லாருக்கும் தெரியும்.

வழக்கமாகப் பூட்டியே இருக்கும் நூலகம் என்ற இடத்தில் வாசிப்பை நிறுத்தினேன். அந்தப் பூட்டின் திறப்பும் யாரோ ஒரு டீச்சரின் கைப்பைக்குள்தான் இருந்திருக்கும்.

இந்த மூன்று பேரும் செய்தது என்ன? அதைத் தேடப் போன இடத்தில்தான் அந்தப் பிள்ளை கேட்ட கட்மியம் திரும்ப என் முன்னால் வந்து நின்றது.

என் வாப்பா, அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும், கொட்டியாரக் குடாவில் தொழில் செய்தவர். பின்னேரம் திண்ணையில் இருந்து வலை பொத்துவார். வலை என்றால் என்ன? முடிச்சும் நூலும். ஒரு முடிச்சிலிருந்து நாலு பக்கம் நூல் போகும், ஒவ்வொரு நூலும் அடுத்த முடிச்சில் முடியும், அதிலிருந்து திரும்ப நாலு. கண்ணின் அளவுதான் எந்த மீன் படும், எந்த மீன் தப்பும் என்பதைத் தீர்மானிக்கும்.

இரசாயனத்திலும் இப்படி வலை பின்னலாம். முடிச்சு ஓர் உலோக அயன். நூல் இரண்டு முனையிலும் பிடிக்கக்கூடிய ஒரு சேதன மூலக்கூறு. நூலின் முனையில் உள்ள நைதரசனோ ஒட்சிசனோ தன்னிடம் உள்ள சோடி இலத்திரனை உலோகத்துக்குக் கொடுத்துப் பிணைகிறது. உயர்தரத்தில் படித்த ஈதற் பிணைப்பு இதுதான். முடிச்சு, நூல், முடிச்சு, நூல் என்று முடிவில்லாமல் போகும் இந்தச் சேர்வைக்குக் கோடினேஷன் பொலிமர் என்று பெயர். பொலித்தீன் பையும் பொலிமர்தான். அதில் காபன் காபனோடு கோத்திருக்கிறது. இதில் உலோகம் இடையிடையே முடிச்சாக இருக்கிறது. உள்ளே வெற்றிடம் விட்டுப் பின்னினால் அதுதான் நோபல் கிடைத்த உலோக சேதனச் சட்டகம்.

இதை ரொப்சன் எப்படித் தொடங்கினார் தெரியுமா? 1974இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷ மாணவர்களுக்குப் படிப்பிக்க மர உருண்டைகளில் மூலக்கூறு மாதிரி செய்யப் போனார். உருண்டைகளில் துளை போட்டுத் தரும்படி பட்டறைக்கு அனுப்ப வேண்டும். எந்த உருண்டையில் எந்தக் கோணத்தில் துளை என்று குறித்துக் கொடுத்தார். துளைகள் சரியான இடத்தில் இருந்தபடியால் குச்சியைச் சொருகச் சொருக மாதிரிகள் தாமாகவே சரியான வடிவத்துக்கு வந்தன. அப்படியென்றால் உண்மையான அணுக்களையும் இப்படிச் சொருகவிட்டால் என்ன என்று நினைத்தார். அதைச் செய்து பார்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் போனது. 1989இல் செப்பை முடிச்சாக வைத்து முதல் சட்டகத்தை வெளியிட்டார்.

ஒரு கற்பித்தல் உபகரணம். நாம் கார்ட்போர்டில் ஒட்டி, தவணை முடிந்ததும் அலுமாரிக்கு மேலே போடுகிற சாமான் மாதிரி ஒன்று. அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

அடுத்த வருஷம், 1990இல், ரொப்சனும் ஹொஸ்கின்ஸும் வெளியிட்ட கட்டுரையில் நாக சயனைட்டோடு கட்மியம் சயனைட்டும் இருந்தது. ஒவ்வொரு கட்மியத்தைச் சுற்றியும் நாலு சயனைட்டு. ஒவ்வொரு சயனைட்டும் இரண்டு கட்மியத்துக்கு நடுவில் பாலம். வைரத்தில் காபன் நிற்கிற அதே ஒழுங்கு, பாலம் நீளமானபடியால் உள்ளே இடம் அதிகம். எவ்வளவு இடம் என்றால், அதே மாதிரி இன்னொரு வலை முழுதாக அதற்குள் ஊடுருவி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிச்சுக்கூட இல்லை. வள்ளத்தில் இரண்டு வலையைச் சேர்த்துப் போட்டால் சிக்கிக் கிடக்குமே, அது மாதிரி. ஆனால் இங்கே சிக்கல் இல்லை, ஒழுங்கு.

1994இல் ஜப்பானில் மக்கொட்டோ ஃபுஜித்தாவும் கூட வேலை செய்தவர்களும் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. கட்மியம் நைத்திரேற்றை முடிச்சுக்கு எடுத்தார்கள். நூலுக்கு எடுத்தது பைபிரிடின். இரண்டு வளையம் ஒட்டிய நேரான மூலக்கூறு, இரண்டு முனையிலும் நைதரசன். வந்தது சதுர வலை. ஒரு கட்மியத்திலிருந்து நாலு பக்கமும் நூல், நாலு மூலையில் நாலு கட்மியம், அப்படியே நம்ம வலைக் கண். கட்மியத்திலிருந்து அடுத்த கட்மியத்துக்கு ஏறத்தாழ 1.2 நானோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் எட்டு இலட்சத்துக்கு மேல் கண் வரும். புரோமின் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் டைபுரோமோபென்சீனை இந்த வலை உள்ளே பிடித்தது. வடிவம் பார்த்துப் பிடித்தது. ஒரு தாக்கத்துக்கு ஊக்கியாகவும் வேலை செய்தது.

ஏன் கட்மியம்? பல உலோக அயன்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு, இத்தனை பேர்தான் சுற்றி நிற்கலாம், இந்தக் கோணத்தில்தான் நிற்கலாம் என்று. கட்மியம் அயனில் டி ஓட்டின் பத்து இலத்திரனும் நிரம்பியிருக்கிறது. அதனால் அந்தப் பிடிவாதம் இல்லை. நாகத்தை விடப் பெரிய அயன், இடமும் அதிகம். நாலு பேரும் நிற்கலாம், ஆறு பேரும் நிற்கலாம், எட்டுப் பேரும் நிற்கலாம். அதனால்தான் புதுப் புது வலை பின்னிப் பார்க்கிறவர்கள் அதை அடிக்கடி எடுக்கிறார்கள்.

எப்படிப் பின்னுகிறார்கள்? இந்தப் பகுதியை வாசித்தபோது எனக்கு ஜாம் போத்தல்தான் ஞாபகம் வந்தது. உலோக உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒடுக்கமான குழாயின் அடியில் விடுவார்கள். நூல் மூலக்கூறை எதனோலில் கரைத்து மேலே, கலங்காமல், மெதுவாக ஊற்றுவார்கள். அப்படியே வைத்துவிட வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நாட்கணக்கில் பளிங்கு வளரும். இல்லாவிட்டால் இறுக்கி மூடிய உருக்குக் கலத்துக்குள் வைத்து, நூறு பாகைக்கு மேல் சில நாள் சூடாக்கி, மணிக்குச் சில பாகை வீதம் ஆறவிடுவார்கள். அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் உடனே பொருள் வரும், ஆனால் மாத் தூளாக வரும். தூளிலிருந்து உள்ளமைப்பை முழுதாக அறிவது கடினம்.

நல்ல பளிங்கு ஒன்று வேண்டும். ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். நுணுக்குக்காட்டியில் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்து எக்ஸ் கதிருக்கு முன்னால் வைத்துச் சுழற்றுவார்கள். உள்ளே அணுக்கள் வரிசையாக நிற்பதால் கதிர் குறித்த திசைகளில் மட்டும் தெறித்து ஆயிரக்கணக்கான புள்ளிகளாக விழும். எந்தப் புள்ளி எவ்வளவு பிரகாசம் என்று அளந்து, உள்ளே யார் எங்கே நிற்கிறார் என்று கணக்கிடுவார்கள். போட்ட கணக்குக்கும் அளந்ததுக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்தால் நல்ல வேலை. அப்படிக் கண்ட அமைப்புகளைக் கேம்பிரிட்ஜில் ஒரு தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். 2019இல் அது பத்து இலட்சத்தைத் தாண்டியது.

இது எங்களுக்குத் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். இந்த முறையால் முதலில் கண்டுபிடித்த அமைப்புகளில் ஒன்று, 1913இல், சாதாரணக் கறியுப்பு. குச்சவெளிப் பக்கம் உப்பளத்தில் குவித்திருக்கிறதே, அதே உப்பு. புல்மோட்டை மணலில் இருக்கிற இல்மனைட்டும் சேர்க்கோனும் பளிங்குதான். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னை கிண்டியில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் இதே எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்து, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று காட்டினார்கள்.

சரி, வலை அழகாக இருக்கிறது. பிள்ளை கேட்டது அரிசியைப் பற்றி.

கட்மியத்தை 1817இல் ஜேர்மனியில் ஸ்ட்ரோமையர் கண்டுபிடித்தார். மருந்துக் கடைகளில் விற்ற நாகக் காபனேற்றைச் சூடாக்கினால் வெள்ளையாக வராமல் மஞ்சளாக வந்தது. ஏன் என்று தோண்டிய இடத்தில் அகப்பட்ட உலோகம். பிறகு மஞ்சள் வர்ணத்துக்கும், துருப்பிடிக்காமல் பூசவும், நிக்கல் கட்மியம் பற்றரிக்கும் பாவித்தார்கள்.

ஃபுஜித்தாவின் அதே ஜப்பானில், தொயாமா மாகாணத்துக்குள் ஓடி வரும் ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் சுரங்கம் இருந்தது. கழிவோடு கட்மியம் ஆற்றில் வந்தது. ஆற்றுத் தண்ணீர் வயலுக்குப் போனது. வயலிலிருந்து சோற்றுக்கு வந்தது. சிறுநீரகம் பழுதாகி, எலும்பு மெலிந்து முறிந்து, சனங்கள் வலியில் துடித்தார்கள். அந்த நோயின் பெயரே 'வலிக்குது வலிக்குது' என்பதுதான், இத்தாய் இத்தாய். சுரங்கக் கட்மியம்தான் காரணம் என்று ஜப்பான் அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது.

யாரோடும் சேர்கிற அந்தக் குணத்தை உடம்புக்குள்ளும் அது காட்டுகிறது. நாகம் இருக்க வேண்டிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சிறுநீரகத்தில் தங்கினால் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருஷம் எடுக்கும். சட்டகத்துக்குள் கட்டிவிட்டால் கட்மியம் நல்லதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் அது கட்மியம்தான். அதனால்தான் மக்கள் பாவனைக்கு என்று வரும்போது வேறு உலோகத்துக்குப் போகிறார்கள். காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்க யாகி செய்த சட்டகங்களில் இருப்பது சேர்க்கோனியமும் அலுமினியமும்.

நம் நாட்டில்? வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் பேசப்படுகிறது. சீனியும் பிரசரும் இல்லாதவர்களுக்கும் வருகிற நோய். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து செய்தது, நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருந்ததைக் காட்டிச் சந்தேகப்பட்டது. பிறகு வந்தவர்கள் கிணற்றுத் தண்ணீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று வேறு காரணங்களையும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. குரல் பதிவு போடுகிறவர் மட்டும் வந்துவிட்டார். இன்னொன்று, புகையிலைச் செடி கட்மியத்தை இலையில் சேர்த்து வைக்கும். சிகரட் குடிக்கிறவர் உடம்பில் கட்மியம் கூட. கையில் சிகரட்டோடு அந்தக் குரல் பதிவை ஃபோர்வேட் பண்ணியவர்களும் எங்களுக்குள் இருப்பார்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு ஒரு நாள் இடைவேளையில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, சிரித்தாள். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கட்மியம் நஞ்சு என்பது உண்மை. உங்கள் வயல் அரிசியில் இருக்கிறதா என்பதை அளந்து பார்க்காமல் நானும் சொல்ல முடியாது, அந்தக் குரல் பதிவுக்காரரும் சொல்ல முடியாது. வாப்பாவுக்கு எதனால் வந்தது என்று சொல்லக்கூடியவர் வாப்பாவைப் பார்க்கிற டொக்டர்தான். கேட்டீர்களா?

கேட்கவில்லை. கிளினிக்கில் கூட்டம், உம்மாவுக்குப் பயம், வாப்பா வாய் திறக்க மாட்டார்.

கொப்பித் தாளில் இரண்டு பேரும் சேர்ந்து நாலு கேள்வி எழுதினோம். வாப்பாவுக்கு இந்த வருத்தம் எதனால் வந்தது? சீனியும் பிரசரும் எத்தனை வருஷமாக இருக்கிறது? எங்கள் அரிசியைச் சாப்பிடலாமா? இனி எதைச் செய்யக்கூடாது? உம்மா அடுத்த கிளினிக்கில் தாளை நீட்டியிருக்கிறா. டொக்டர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். வாப்பாவுக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகச் சீனி, கூடவே பிரசர். குளிசையை ஒழுங்காகப் போடவில்லை, இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிய வலிக் குளிசையை வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறார். அவருடைய சிறுநீரகம் போனது இதனால்தான், அரிசியைக் குற்றம் சொல்லத் தேவையில்லை என்றிருக்கிறார்.

அந்தக் குரல் பதிவு வந்த பிறகு, 'அரிசியாலதானே வந்த, பிறகென்ன குளிசை' என்று வாப்பா சீனிக் குளிசையையும் விட்டிருந்தார். அதுவும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

இப்போது அந்த வீட்டில் சொந்த நெல்லு குத்துகிறார்கள். அளவாகச் சாப்பிடுகிறார்கள். வாப்பாவுக்குக் குணமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசை. அப்படி இல்லை. இரத்தம் சுத்திகரிக்கப் போய் வருகிறார். குளிசை மட்டும் தவறுவதில்லை, அதைப் பார்த்துக்கொள்வது அந்தப் பிள்ளை.

பிறகு அதிபரிடம் போனேன். ஆய்வுகூடத்தைப் பிள்ளைகளுக்குத் திறக்கப் போகிறேன், சாமான் உடையும் என்றேன். "உடைஞ்சா எழுதுங்க டீச்சர், நான் ஒப்பம் வைக்கிறன்" என்றார். இத்தனை வருஷம் நான் கேட்கவே இல்லை.

நவம்பரில் தொடங்கினோம். கட்மியம் எங்களிடம் இல்லை, இருக்கவும் கூடாது. படிகாரம்தான். பலசரக்குக் கடையில் வாங்கலாம். சுடுதண்ணீரில் இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்து, வடித்து, ஜாம் போத்தலில் விட்டு, ஒரு சின்னப் பளிங்கை வலை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். மாரி மழை. காற்று முழுக்க ஈரம், தண்ணீர் ஆவியாகவே இல்லை. பொறுமையில்லாத இரண்டு பேர் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அடியில் சீனி கொட்டினது மாதிரித் தூள். அவசரப்பட்டால் தூள்தான் வரும் என்பதை அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு முகவை உடைந்தது. எழுதினேன், அதிபர் ஒப்பம் வைத்தார்.

காத்திருந்த நேரத்தில் ஈர்க்குச்சியும் களிமண் உருண்டையும் வைத்து ஃபுஜித்தாவின் சதுர வலையைச் செய்தோம். உருண்டை கட்மியம், ஈர்க்கு பைபிரிடின். ரொப்சனின் இரட்டை வலையையும் செய்யப் பார்த்தோம். முதல் வலை நின்றது, இரண்டாவதை உள்ளே கொண்டுபோவதற்குள் மூன்று தரம் உடைந்தது. 'இந்த ஆளுக்கு எவ்வளவு பொறுமை டீச்சர்' என்றார்கள்.

இந்த வருஷம் பெப்ரவரியில் புதிதாக ஒன்பது போத்தல் வைத்தோம். வாயை வடிதாளால் மூடி, பெயர் எழுதி, அலுமாரிக்கு மேலே வரிசையாக வைத்தோம். அதோடு நோன்பு விடுமுறை வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் யாரும் தொடவில்லை, ஆட்டவில்லை, எட்டிப் பார்க்கவில்லை.

பெருநாள் கழிந்து திறந்த அன்று முதல் வேலையாக எல்லாரும் அங்கேதான் ஓடினார்கள். மூன்று போத்தல் காய்ந்து சுவரில் உப்புப் படிந்திருந்தது. இரண்டில் நூல் அறுந்து விழுந்திருந்தது. மூன்றில் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டி. ஒன்றில் மட்டும், சுண்டுவிரல் நகத்தளவு, எட்டு முகம், கண்ணாடி மாதிரித் தெளிவாக ஒரு பளிங்கு தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் வெட்டவில்லை, யாரும் தீட்டவில்லை. ஸுப்ஹானல்லாஹ் என்று ஒருத்தி சொன்னாள், பிறகு எல்லாரும் சொன்னோம். அது அந்தப் பிள்ளையின் போத்தல் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அவளுடையது நூல் அறுந்த போத்தல். திரும்ப வைத்திருக்கிறாள்.

இப்போது சில வேண்டுகோள்கள்.

ஒன்று. சீனிக்கும் பிரசருக்கும் குளிசை போடுகிறவர்கள் வாட்ஸ்அப்பைக் கேட்டு அதை நிறுத்தாதீர்கள். டொக்டரிடம் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொல்லுங்கள். வலிக் குளிசையைக் கடையில் கேட்டு வாங்கிப் பழக வேண்டாம்.

இரண்டு. பழைய டோர்ச் பற்றரி, சார்ஜ் பண்ணுகிற பற்றரிகளைக் குப்பையோடு எரிக்காதீர்கள், கிணற்றடியில் புதைக்காதீர்கள்.

மூன்று. பழைய மாணவிகளே, வெளிநாட்டில் இருக்கிற சகோதரர்களே, காசு வேண்டாம். வெற்று ஜாம் போத்தல், கை வில்லை, பழைய இலத்திரனியல் தராசு இருந்தால் தாருங்கள். பிள்ளைகள் வீட்டில் படிகாரத்தில் செய்து பார்க்கட்டும். செப்பு சல்பேற்று நஞ்சு, அது ஆய்வுகூடத்தில் மட்டும்.

நாலு. என்னைப் போல ஆய்வுகூடப் பொறுப்பு, நூலகப் பொறுப்பு உள்ள ஆசிரியர்களே, இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பதிவேட்டுப் பயம் எனக்கும் தெரியும். அதிபரிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்டதும் ஒன்றரை மணித்தியாலம் எங்கள் ஆய்வுகூடம் திறந்திருக்கிறது. நான் முன்னால் நிற்பேன். திறப்பு இப்போது தரம் பதினொன்றுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம். எனக்கு முன்னாலேயே வந்து திறந்து, கூட்டி, போத்தல்களை எண்ணி வைத்திருக்கிறார்கள்.

போன வியாழன் அந்தப் பிள்ளை திரும்ப ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், கட்மியத்த வச்சி வல பின்னலாம் எண்டா, தண்ணிக்குள்ள இருக்கிற கட்மியத்தப் புடிக்கிற வலையும் பின்னலாம்தானே?"

பின்னுகிறார்கள், அதற்கென்றே ஆய்வுகள் நடக்கின்றன என்றேன். எந்தக் கண், எந்த நூல் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வருகிற வியாழன் இரண்டு பேரும் சேர்ந்து தேடுவதாகப் பேசியிருக்கிறோம்.

அவளுடைய வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்.